மறுவீட்டு அழைப்பு

எங்கள் மாமாவுக்கு ஆள் பார்த்து வேலை கொடுக்கத் தெரியும். சொந்தத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் முதலில் மாமாவுக்கு லீவு கிடைக்குமா என்று கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் முகூர்த்த நாள் பார்ப்பார்கள். அவர் அம்மாவின் தம்பி. மலையடிவாரத்தில் ஒரு நூல் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தார். மில்லில் அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லையாம். அங்கே ஓடும் இயந்திரங்களின் சத்தத்தில் உயர்த்தியிருந்தாலும் கேட்டிருக்காது என்று அப்பா ஒருமுறை செய்தித்தாளின் ஓரத்தில் எழுதி என்னிடம் காட்டினார். அப்பா அதை ஏன் எழுதிக் காட்டினார், வாயால் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

மாமாவின் வழி தனி வழி. மற்றவர்கள் ஒருவரிடம் இருக்கும் நல்ல குணத்தைப் பார்த்து வேலை கொடுப்பார்கள். மாமா கெட்ட குணத்தைப் பார்த்தும் கொடுப்பார். இந்தக் குணம் எந்த இடத்தில் போய் நின்றால் உபயோகப்படும் என்று யோசிப்பார். யாரிடமும் 'உனக்கு என்ன வரும்' என்று அவர் கேட்டதில்லை. கேட்காமலே கண்டுபிடித்துவிடுவார் என்பதுதான் அவருக்கு இருந்த பெயர்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் வீடு டவுணில், ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருந்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே மாமா பெட்டியோடு வந்து இறங்கினார். நடுக்கூடத்தில் இரும்பு நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்து, கையில் இருந்த காப்பி ஆறுவதற்குள் மொத்தக் குடும்பத்துக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

சித்தப்பாவுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். சொந்த மாமனாரே வந்தாலும் பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வழி விடுவார். அவரிடம் சாமான் அறைச் சாவி போனது. ஒரு தேங்காய் வேண்டும் என்றாலும் யாருக்கு, எதற்கு, நேற்று வாங்கிப்போன தேங்காய் என்ன ஆயிற்று என்று விசாரித்த பிறகே கதவு திறக்கும். பெரியம்மாவுக்கு எடுத்ததற்கெல்லாம் அழுகை வரும். பத்திரிகையில் மஞ்சள் தடவும்போதே அழுதவள். அவளை மாமா சின்ன வெங்காயம் உரிக்கும் இடத்தில் உட்காரவைத்தார். அவள் ஆசை தீர அழுதாள், யாருக்கும் அபசகுனமாகப் படவில்லை. அப்பாவுடன் பிறந்த அத்தை சண்டைக்காரி. அவளைப் பந்தல்காரர், பூக்காரர், மேளக்காரர், வீடியோக்காரர் ஆகியோருக்குப் பொறுப்பாக்கி வீட்டுக்கு வெளியே அனுப்பினார். எத்தனையோ வருஷமாக வீட்டுக்குள் எங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அன்றுதான் சரியான எதிராளிகள் கிடைத்தார்கள். அந்த வாரம் முழுக்க அவள் முகத்தில் இருந்த தெளிவை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

எனக்கு என்ன வேலை என்று காத்திருந்தேன். மாமா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஏட்டி, நீ எங்கூடவே நில்லு. எங்கன பேச்சு தேவைப்படுதோ அங்கன நான் கண்ணக் காட்டுதேன். பேசிப்புடணும், என்ன?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. பேச்சு என்றால் எங்கள் தெருவில் நான்தான். பள்ளிக்கூடங்களுக்கு இடையே நடக்கும் பேச்சுப்போட்டிகளில் பரிசு வாங்கி வாங்கி வீட்டில் எவர்சில்வர் தம்ளர்கள் சேர்ந்திருந்தன. மைக்கைக் கண்டால் எனக்குப் பயம் கிடையாது. பேச்சுகளை எழுதித் தருவது மட்டும் அப்பா. எங்கே குரலை ஏற்ற வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தருவார். போட்டி நடக்கும் அன்று அரங்கத்தின் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருப்பார். நான் பேசப் பேச அவருடைய உதடுகளும் கூடவே அசையும். மேடையிலிருந்து பார்க்க எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அப்பாவுக்குத் திக்குவாய். பொதுப்பணித்துறையில் வாய்க்கால்களுக்கும் மடைகளுக்கும் வரைபடம் போடுவது அவர் வேலை. தாமிரபரணியிலிருந்து எந்தக் கால்வாய் எங்கே பிரிகிறது என்பதைப் பேசாமல் கோட்டிலே காட்டிவிடலாம். வீட்டிலும் பெரும்பாலும் அப்படித்தான். பேச ஆரம்பித்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவார். கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்காமல் எதிரில் இருப்பவர்கள் அவருடைய வாக்கியத்தை முடித்துவைத்துவிடுவார்கள். அவர்கள் முடித்தது அவர் நினைத்ததுதானா என்று யாரும் கேட்பதில்லை. அவரும் தலையாட்டிவிடுவார். பூஜையில் பதிகம் பாடும்போது மட்டும் திக்காது. பாட்டில் திக்காது என்று அம்மா சொல்வாள். அதை ஏதோ சாமியின் கருணை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

ஆறாம் வகுப்பில் என்னைச் சேர்க்க அப்பாதான் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தலைமையாசிரியை பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார். என் பெயரை எனக்கு வைத்தவரே அவர்தான். அந்தப் பெயரின் முதல் எழுத்தில் நின்றுகொண்டு அப்பா பட்ட பாட்டை, கதவோரம் வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து அவர்கள் என்னை அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள், முதல் எழுத்தில் நின்று நின்று. அதன் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோர் வர வேண்டிய நாட்களில் நான் அம்மாவைத்தான் கூப்பிடுவேன். போட்டிகளில் அப்பா கடைசி வரிசையில் நின்றது தானாகத் தேர்ந்துகொண்ட இடமா, என் முகத்தைப் பார்த்துத் தேர்ந்துகொண்ட இடமா என்பது எனக்குத் தெரியாது. அவர் முன்வரிசைக்கு வந்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டது மட்டும் தெரியும்.

அக்கா கல்யாணத்தில் எனக்கு இருந்த ஒரே பயமும் அதுதான். மாப்பிள்ளை வீட்டார் அம்பாசமுத்திரம் பக்கம். பெண் பார்க்க வந்தபோதும், நிச்சயத்தின்போதும் மாமாவே எல்லாவற்றையும் பேசி முடித்தார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தலையசைத்தார். அவர்கள் அவரைப் பேச்சு குறைந்த, அழுத்தமான மனிதர் என்று நினைத்துக்கொண்டார்கள். கல்யாணத்தன்றும் கவலையில்லை. ஐயர் சொல்வதை அப்பா திருப்பிச் சொல்வது மேளச் சத்தத்தில் யார் காதுக்கும் எட்டாது. மண்டப வாசலில் கை கூப்பிக்கொண்டு நின்றாலே போதும்.

ஆனால் மறுவீடு இருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வந்து சாப்பிடுவது எங்கள் பக்கத்தில் கல்யாணத்தைவிடப் பெரிய விஷயம். அன்று சொதி வைக்க வேண்டும். தேங்காய்ப்பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டுச் செய்யும் சொதி. அது நன்றாக அமைந்தால் கல்யாணம் நன்றாக நடந்தது என்று அர்த்தம். இலை போட்டதும் பெண்ணைப் பெற்றவர் சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் முன்னால் போய், கை கூப்பி, வாயைத் திறந்து அழைக்க வேண்டும். கையை நீட்டிக் காட்டினால் செல்லாது. அவர் அழைத்த பிறகுதான் அவர்கள் எழுந்திருப்பார்கள். அதிலும் மாப்பிள்ளையின் பெரியப்பா முறை தவறினால் பொறுக்காதவர். எங்கோ ஒரு மறுவீட்டில் சரியாக அழைக்கவில்லை என்று இலை போட்ட பிறகு வேனில் ஏறிப் போய்விட்டவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை முன்னாலேயே எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அப்படி ஏதாவது நடந்தால் அக்கா புகுந்த வீட்டில் காலமெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று அம்மா புலம்பினாள்.

மாமா அதற்கும் வழி வைத்திருந்தார். அன்று நடுக்கூடத்தில் எல்லோருக்கும் வேலை கொடுத்து முடித்து, கடைசியாக அப்பா பக்கம் திரும்பினார்.

"அத்தான், நீங்க சொதிகிட்ட நிக்கணும். தவசுப்பிள்ளைய நம்ப முடியாது. வெத்தலை போடுததுக்கு அந்தாக்குல போயிருவாரு. தலைப்பால் ஊத்துன பொறவு ஒரு கொதி கூட வந்துரக் கூடாது. திரிஞ்சிச்சுன்னா நம்ம மானம் போயிரும். உங்களுக்குத்தான் அந்தப் பொறுமை உண்டு."

எங்கள் ஊரில் சமையல்காரரைத் தவசுப்பிள்ளை என்பார்கள். மாமா சொன்னது பொய்யும் இல்லை. அப்பாவுக்குப் பொறுமை அதிகம். ஒரு மில்லிமீட்டர் கோட்டுக்காக ஒரு பொழுது முழுக்கக் குனிந்திருப்பவர். அவரை அடுப்பங்கரையில் நிறுத்தினால் சொதியும் பிழைக்கும், அழைக்கிற சங்கடமும் போகும். அவர் அங்கே நிற்கும்போது அவருக்குப் பதிலாக மாமா போய் அழைப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார். "மாப்ள, நா... நா..."

"நானே கூப்பிட்டுக்கிடுதேன் அத்தான். நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க" என்று மாமா அவர் தோளைத் தொட்டார். அன்பாகத்தான் தொட்டார்.

அப்பா தோளில் இருந்த அந்தக் கையைப் பார்த்தார். பிறகு "சரி" என்றார். அந்த ஒரு சொல் அவருக்கு எப்போதும் தடங்கலில்லாமல் வரும்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஆள் நடமாட்டம். அப்பா குளியலறைக்குள் போனால் வெளியே வர நேரமாயிற்று. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்கும். சொல் தெரியாது, இழுத்து இழுத்துப் பாடுவது மட்டும் தெரியும். ஏதோ புதுப் பதிகம் மனப்பாடம் செய்கிறார் என்று நினைத்தேன். வாளியோடு வெளியே காத்திருந்த சித்தப்பாவுக்கு வழக்கம்போலச் சந்தேகம். "கல்யாண வீட்டுல பாட்டு வேற" என்று கதவைத் தட்டுவார். உள்ளே சத்தம் நின்றுவிடும்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையிலிருந்தே வீட்டுக்குப் பின்னால் கோட்டை அடுப்பு எரிந்தது. தேங்காய் துருவி, அரைத்து, பிழிந்து, தலைப்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனிப் பாத்திரங்களில் எடுத்து வைத்தார்கள். அப்பா மேல்சட்டை இல்லாமல், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பெரிய உருளிக்குப் பக்கத்தில் நின்றார். நான் ஒரு தடவை எட்டிப்பார்த்தபோது அகப்பையைப் பைய விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். புகையில் கண் சிவந்திருந்தது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. இங்கேயே இருங்கள் அப்பா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினேன்.

உச்சிவேளைக்கு வேன் வந்தது. அக்கா புதுப்புடவையில் மாப்பிள்ளையோடு இறங்கினாள். பன்னீர், சந்தனம், கற்கண்டு எல்லாம் முறைப்படி ஆயிற்று. சந்து முழுக்க அடைத்துப் போட்டிருந்த பந்தலில் அவர்கள் உட்கார்ந்தார்கள். அத்தையோடு அதுவரை வாதாடிக்கொண்டிருந்த வீடியோக்காரர் கண்ணைக் கூசவைக்கும் விளக்கைத் தூக்கிப்பிடித்தார். உள்ளே இலை விழுந்துவிட்டது என்று வந்து சொன்னார்கள். இஞ்சிப் பச்சடி வாசனை பந்தல் வரைக்கும் வந்தது. மாமா பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய்க் கை கூப்பினார். நான் அவருடைய வலது பக்கம்.

"இலை போட்டாச்சு. பெரியவங்க எல்லாரும் சாப்பிட வரணும்."

மாப்பிள்ளையின் பெரியப்பா மாமாவைப் பார்த்துச் சிரித்தார். எழுந்திருக்கவில்லை.

"நீங்க தாய்மாமன். ரொம்ப சந்தோசம். பொண்ணப் பெத்தவாள் எங்க?"

"அத்தான் உள்ள சொதிகிட்ட நிக்காவ. பால் சேக்குத நேரம். விட்டுட்டு வர முடியாது பாத்தேளா..."

"அதுக்கென்ன, சேத்துட்டு வரட்டும். எங்களுக்கு அவசரம் ஒண்ணுமில்ல" என்று அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் சாய்ந்ததும் அவரோடு வந்த எல்லோரும் சாய்ந்துகொண்டார்கள்.

 வீடியோ விளக்கு ஒவ்வொரு முகமாக நகர்ந்தது. அது அக்காவின் முகத்துக்கு வந்தபோது, அவள் கையில் இருந்த கைக்குட்டையைத் திருகிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மாமாவின் வழி ஒன்று அடைபட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அவர் கண்கள் கூட்டத்தில் யாரையோ தேடின. என் மேலும் பட்டன. அவர் கண்ணைக் காட்டினாரா, வெறுமனே பார்த்தாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"பெரியப்பா, எங்க அப்பாவுக்குப் பேச வராது. வாய் திக்கும். அதனாலதான் வரல. அப்பாவுக்குப் பதிலா நான் கூப்பிடுதேன்."

அப்புறம் மேடைக் குரலுக்கு மாறினேன். எங்கள் இல்லம் நாடி வந்திருக்கும் பெரியோர்களே என்று தொடங்கி, இலையில் அமர்ந்து உண்டு என் அக்காவை வாழ்த்த வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன் என்று ஏற்றி, மூச்சுவிட வேண்டிய இடத்தில் மூச்சுவிட்டு, கை கூப்பி முடித்தேன். எங்கே குரலை ஏற்ற வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அதெல்லாம் அப்பா ஏற்கெனவே எழுதித் தந்து பழக்கியிருந்தார்.

பெரியப்பா என்னையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "ஏயப்பா! பிள்ளை வாயப் பாரு! இப்பிடிக் கூப்பிட்ட பொறவும் உக்காந்திருந்தா நாம மனுசங்களா? எந்திரிங்கய்யா எல்லாரும்!"

எல்லோரும் எழுந்தார்கள். யாரோ கை தட்டினார்கள். அக்கா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாமா என் தலையில் கை வைத்து அழுத்தினார். அந்தக் கையின் கனத்தை இப்போதும் உச்சந்தலையில் உணர முடிகிறது.

அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். வீட்டு வாசல்நிலைக்கு உள்ளே நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. புகையில் நின்ற ஆள்போலவே இல்லை. முகம் கழுவி, நெற்றியில் புதிதாகத் திருநீறு பூசி, பட்டுக்கரை வேட்டி கட்டி, மேல்துண்டைப் பணிவாக இடுப்பில் சுற்றியிருந்தார். கைகள் நெஞ்சுக்கு நேராகக் கூப்பியிருந்தன. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. போட்டியில் செய்வதுபோல என்னோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். நன்றாகப் பேசினேனா என்று கேட்பதுபோல அவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தேன்.

பந்திக்குப் போனவர்கள் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். கூப்பிய கையை அவர் எடுக்கவில்லை. ஒவ்வொருவரும் அவரைப் பார்த்து ஒரு விதமாகத் தலையசைத்தார்கள், காய்ச்சல்காரரைப் பார்ப்பதுபோல. வயதான ஒரு அம்மாள் அவர் கையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு முகம் சுட்டது. பள்ளிக்கூடக் கதவோரத்தில் பார்த்த அதே பார்வைதான் அது. என் பேச்சுக்குக் கிடைத்த கைதட்டலெல்லாம் ஒரு நொடியில் வடிந்துபோயிற்று. இவ்வளவு நன்றாக முடிந்த நேரத்தில் இவர் ஏன் வெளியே வந்தார், சொதிகிட்டேயே நின்றிருக்கக் கூடாதா என்று எனக்கு அப்பா மேல் கோபம் வந்தது. அதை வெட்கம் என்று சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் நாக்கு கூசுகிறது. ஆனால் அன்று நான் வெட்கப்பட்டது என்னை நினைத்து இல்லை.

சொதி திரியவில்லை. அதை இறக்கி, ஆறவிட்டு, எலுமிச்சை பிழிந்து முடித்த பிறகுதான் அப்பா அகப்பையைப் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மாப்பிள்ளையின் பெரியப்பா மூன்றாம் முறை கேட்டு வாங்கினார். இப்படிச் சொதி சாப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்றார். மாமாவின் திட்டத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

கல்யாணக் கேசட் வந்த பிறகு வருஷக்கணக்கில் அது ஓடியது. யார் வீட்டுக்கு வந்தாலும் அம்மா வி.சி.ஆர். வாடகைக்கு எடுத்துவரச் சொல்வாள். தாலி கட்டும் இடத்தைக்கூட ஓடவிட்டு, நான் பேசும் இடத்தைப் போடு என்பார்கள். 'எங்க அப்பாவுக்குப் பேச வராது' என்று பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளை கணீரென்று சொல்லும். கூடம் முழுக்கச் சிரிக்கும். அப்பாவும் எங்களோடு உட்கார்ந்து பார்ப்பார். கேசட்டில் ஒரே ஒரு இடத்தில், விளக்கு வாசல் பக்கம் திரும்பும்போது, அவருடைய கூப்பிய கை மட்டும் ஓரத்தில் தெரிந்து மறையும். அந்த இடத்தில் அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார். எனக்குப் பத்து பன்னிரண்டு முறை பார்த்தும் அது கண்ணில் படவில்லை. நான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நானும் ஓர் அலுவலகத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறேன். அம்மாவுக்கு அதில் பெருமை. மாமா மாதிரியே வந்திருக்கிறாள் என்கிறாள். ஆள் பார்த்து வேலை கொடுக்க எனக்கும் ஓரளவு வருகிறது. ஆனால் வேலையைச் சொல்லி முடித்ததும் எதிரில் இருப்பவர் ஒன்றும் பேசாமல் "சரி" என்று மட்டும் சொன்னால் நான் அடுத்த ஆளைக் கூப்பிடுவதில்லை. இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அவர் பேசும்வரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கேசட்டில் இல்லாத ஒன்று உண்டு. அன்று சாயங்காலம் எல்லோரையும் வழியனுப்பிவிட்டு மாமா திண்டில் சாய்ந்து தூங்கிப்போனார். வீடியோக்காரர் அத்தையிடமிருந்து தப்பித்துப் போயிருந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவரும் என்னைக் கூப்பிட்டு மறுபடி பேசச் சொன்னதில் நான் சாப்பிடவே இல்லை. பின்கட்டுக்குப் போனேன். அங்கே அப்பா தனியாக இருந்தார். அவரும் சாப்பிட்டிருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் இரண்டு இலையை எதிரெதிரே போட்டார். தண்ணீர் தெளித்துச் சோறு வைத்து, உருளியை வழித்துச் சொதியை ஊற்றினார். நான் உட்காரப் போனேன். இரு என்று கையைக் காட்டினார்.

மேல்துண்டை எடுத்து இடுப்பில் சுற்றினார். என் முன்னால் வந்து நின்று கை கூப்பினார். கண்ணை மூடாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு, பதிகம் சொல்வதுபோல இழுத்துச் சொன்னார்:

"பெரியவங்க எல்லாரும்... மனசு நெறஞ்சு வந்திருக்கிய... பொண்ணப் பெத்தவன் கூப்பிடுதேன்... எழுந்து எலைக்கு வரணும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லையென்றால் நான் பேசியதைப் பாராட்ட விளையாட்டுக் காட்டுகிறார். "என்னப்பா, கோயில்ல ஓதுவாரு பாடுத மாதிரி இழுக்குதிய?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அப்பாவும் சிரித்தார். கையை இறக்கினார். எதிர் இலையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார்.

"சொ... சொதி ந..."

"நல்லா வந்திருக்குப்பா" என்று நான் முடித்துவைத்தேன்.

அவர் தலையாட்டினார். இருவரும் சாப்பிட்டோம். ஒரு வாரமாகக் குளியலறைக் கதவு வழியாகக் கேட்ட இழுவைதான் அது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த அழைப்பை அவர் ஓர் இடத்தில்கூடத் திக்காமல் சொல்லி முடித்தார் என்பதையும் நான் கவனிக்கவில்லை.